கப்பல் இறங்கி வாங்கும் பொருள்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, லங்காவி, புக்கெட் என்று சுற்றிவரும் கப்பல்கள். சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வரும் கப்பல். இந்த இரண்டு பயணங்களையும் பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சந்தேகம்தான்: காசு கொடுத்து வாங்கிவருவது அந்த ஊர்ப் பொருள்தானா? இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போகிறோம். ஒவ்வொரு ஊரிலும் ஆறேழு மணி நேரம்தான் கிடைக்கும். துறைமுக வாசல் கடைகளிலேயே வாங்கிவிடலாமா? கப்பலில் ‘பரிந்துரைக்கும் கடைகள்’ என்று ஒரு வரைபடம் தருவார்களாமே, அதை நம்பலாமா?
– வாசகி, திருச்சி

வரைபடத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வழி கண்டுபிடிக்க உதவும். இப்படிப்பட்ட பட்டியலில் வரும் கடைகள் பெரும்பாலும் கட்டணம் கட்டி இடம்பிடித்தவை. குறையுள்ள பொருளை மாற்றித் தருவோம் என்ற உத்தரவாதம் சில கப்பல்களில் உண்டு. அது விற்பனைக்கான உத்தரவாதம். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சி சொல்லாது.

வாசல் கடைகளைப் பொறுத்தவரை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பினாங்கில் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புக்கெட்டில் அதே அச்சில் ஊர்ப் பெயர் மட்டும் மாறித் தொங்குகிறதா என்று பாருங்கள். யானை அச்சிட்ட கால்சட்டை, சாவிக்கொத்து, ‘கையால் செய்தது’ என்று இயந்திரத்தில் அச்சடித்த அட்டை தொங்கும் பை எல்லாம் மொத்தச் சந்தைச் சரக்குதான். பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. உள்ளூர்க் கைவேலை என்று நினைத்து விலை கொடுக்காதீர்கள்.

எந்தக் கடையானாலும் மூன்று கேள்வி போதும். எந்த ஊரில் செய்தது? யார் செய்தது? இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் கெட்டிக்கார விற்பனையாளர் பதில் வைத்திருப்பார். மூன்றாவதில்தான் விஷயம் வெளிவரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கைவேலையில் எங்காவது கோடு விலகியிருக்கும், நிறம் ஒரு சாயல் கூடியிருக்கும். மயிரிழை பிசகாமல் இரண்டும் ஒன்றாக இருந்தால் அச்சு அல்லது இயந்திரம்.

நேரக் கணக்குக்கு வருவோம். பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நேராகக் கட்டுகிறது. இறங்கினால் ஜார்ஜ் டவுன், நடந்தே கடைத்தெருவுக்குப் போய்விடலாம். புக்கெட்டில் பல கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆளை இறக்கும். வரிசையில் நிற்கிற நேரம் போகவும் வரவும் உண்டு; கடைசிப் படகு, கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே போய்விடும். இன்னொரு கண்ணி: தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கரை இறங்கியதும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் கைப்பேசியில் மணி 4 ஆகும்போது கப்பலில் 5. இறங்கும் முன் ‘கப்பல் நேரம்’ எது என்று கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தையாவது அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஊருக்கு ஒரு பொருள் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, அதைச் சோதிக்கும் முறையைத் தெரிந்துகொண்டு போங்கள். பினாங்கில் ஆறு மணி நேரத்தில் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய துணி), பாசிமணி கோத்துத் தைத்த செருப்பு, ஜாதிக்காய் மூன்றையும் ஆராய்ந்து வாங்க முடியாது.

பினாங்கில் பாத்திக் துணி வாங்க ஆசை. கையால் வரைந்ததா, அச்சடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துணியின் பின்பக்கம் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?
– வாசகி, சென்னை

பின்பக்கம் பார்ப்பது நல்ல தொடக்கம், அதோடு நின்றுவிடக்கூடாது. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும்போது சாயம் நூலுக்குள் இறங்கிவிடும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் இருக்கும். மேலே அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளுத்துத் தெரியும். ஆனால் மெல்லிய ரேயானிலும் பட்டிலும் அச்சுச் சாயமும் மறுபக்கம் வரை ஊறிவிடும். அங்கே இந்தச் சோதனை ஏமாற்றும்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பது தானே விளங்கும். மலேசியக் கைவரைவில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி மேல் ‘சாந்திங்’ என்ற கருவியால், அதாவது மூக்கு வைத்த சின்னச் செம்புக் கிண்ணத்தால், உருகிய மெழுகைக் கோடாக ஓட்டுவார்கள். கோட்டுக்குள் தூரிகையால் சாயம் தீட்டுவார்கள். சாயம் பிடிக்க சோடியம் சிலிக்கேட் கரைசல் பூசி, சில மணி நேரம் விட்டு அலசி, கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும்.

அந்த வெள்ளைக் கோட்டைப் பின்தொடருங்கள். கை ஓட்டிய கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். வளைவு முடிகிற இடத்தில் மெழுகு ஒரு சொட்டு கூடுதலாக விழுந்து புள்ளியாகியிருக்கும். எங்காவது கோடு அறுந்து, இதழின் சிவப்பு பக்கத்து இலைக்குள் கசிந்திருக்கும். அந்தக் கசிவுதான் நீங்கள் தேடுவது. துணி முழுக்க ஒரே தடிமனில் கோடு, எங்குமே கசிவு இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து, ஒரே பூ இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் மடித்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். கைவரைவு ஒருநாளும் பொருந்தாது.

‘சாப்’ என்ற செம்பு அச்சுக்கட்டையை மெழுகில் தோய்த்து ஒற்றுகிற வகையும் உண்டு. அதுவும் அசல் பாத்திக்தான், விலை குறைவு. அதில் உரு திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஒரு ஒற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கோடு சற்று விலகியோ ஏறியோ நிற்கும். அந்தத் தையல் போன்ற இடத்தைக் கண்டுபிடித்தால் அது கைவேலை.

மெழுகு வெடிப்பு, அதாவது நரம்பு ஓடியது போன்ற மெல்லிய கோடுகள், இருந்தால் அசல் என்று சிலர் சொல்வார்கள். வெடிப்பையும் சேர்த்தே அச்சடிக்கும் காலம் இது. வெடிப்பு ஒரே வடிவில் ஒவ்வொரு முழத்துக்கும் திரும்பினால் அது அச்சு. துணிக்கரையில் ‘அசல் பாத்திக்’ என்று மலாயில் பொறித்திருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டில் கைவரைவு என்று சொல்லி 40 ரிங்கிட்டுக்குக் கொடுத்தால் பட்டும் பொய், வரைவும் பொய். நூல் எதுவென்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் பிரிந்த ஒரு நூலைக் கடைக்காரரையே கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, விரலில் நசுங்கும் கரிமணி ஆகும். ரேயானும் பருத்தியும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். நல்ல கடையில் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.

துணி பொதுவாக 2 மீட்டர், 4 மீட்டர் துண்டுகளாகக் கிடைக்கும். சட்டைக்கு 2, சுடிதாருக்கு 4. முழுத் துண்டையும் விரித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உள்மடிப்பில் மெழுகு போகாமல் விறைத்த இடம் இருக்கலாம். அப்படி இருந்துவிட்டாலும் கவலையில்லை. இரண்டு வெள்ளைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் காகிதம் மெழுகை உறிஞ்சிவிடும். முதல் இரண்டு மூன்று சலவைக்குத் தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பினாங்குத் தீவின் வடமேற்கில் தெலுக் பகாங் பக்கம் பட்டறையும் கடையும் சேர்ந்த இடங்கள் உண்டு. முன்னால் ஒருவர் மெழுகு வரைந்துகொண்டிருப்பதாலேயே பின்னால் தொங்குவதெல்லாம் அவர் வரைந்தது ஆகிவிடாது. பட்டறைக் கடையிலும் அச்சுத் துணி விற்கும். மேலே சொன்ன சோதனை அங்கேயும் தேவை. ஜார்ஜ் டவுன் ‘லிட்டில் இந்தியா’வில் பளபளக்கும் சேலைகளைப் பார்த்து மயங்கவேண்டாம், அவை நம் ஊரிலிருந்து போனவை.

மலேசிய பியூட்டர் கோப்பை நல்லதா? அதில் காரீயம் கலந்திருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், கோவை

பியூட்டர் என்பது வெள்ளீயம் பெரும்பங்கான உலோகக் கலவை. பழங்காலப் பியூட்டரில் காரீயம் இருந்தது உண்மை. இன்று கோலாலம்பூரில் 1885 முதல் இந்தத் தொழிலில் இருக்கும் ராயல் செலாங்கூர் போன்ற நிறுவனங்கள் செய்வதில் சுமார் 97 சதவீதம் வெள்ளீயம். மிச்சம் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கும் செம்பும் ஆண்டிமனியும். காரீயம் இல்லை. மலாய் நாட்டுச் சுரங்க வெள்ளீயத்தில் பிறந்த தொழில் என்பதால் நிச்சயமாக அந்த மண்ணின் பொருள்தான்.

அடிப்பாகத்தில் நிறுவன முத்திரை பொறித்திருக்கும். தாளில் ஒட்டியதை முத்திரையாகக் கொள்ளாதீர்கள். நடைபாதையில் விற்கும் ‘பியூட்டர்’ சிலைகள் பெரும்பாலும் வேறு மலிவு உலோகத்துக்கு மேல் பூச்சு. ஓரத்தில் பூச்சு உரிந்து வேறு நிறம் தெரியும்.

வீட்டில் ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்களுக்குப் பியூட்டரைப் பற்றிப் பாடம் வேண்டாம். அடுப்பில் வைத்தால் உருகும். பித்தளைக்குத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்க்கக்கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக்கூடாது. சோப்பு நீர், மெல்லிய துணி, உடனே துடைத்தல், அவ்வளவுதான்.

புக்கெட்டில் தாய்ப் பட்டும் முத்தும் வாங்கச் சொல்கிறார்கள். எதில் ஏமாற வாய்ப்பு அதிகம்?
– வாசகி, மதுரை

இரண்டிலும் உண்டு. முதலில் பட்டு. அது புக்கெட்டில் நெய்யப்படுவது இல்லை. தாய்ப் பட்டின் வீடு வடகிழக்குத் தாய்லாந்து. சுரின், கோன்கேன் பக்கம். ஆகவே புக்கெட் பட்டு என்று யாராவது சொன்னால் அங்கேயே கதை ஆரம்பிக்கிறது.

அரசு தரும் மயில் முத்திரையைப் பாருங்கள். நான்கு நிறம் உண்டு. தங்க மயில் என்றால் உள்ளூர்ப் பட்டுப்புழுவின் நூலைக் கையால் எடுத்துக் கைத்தறியில் நெய்தது. வெள்ளி மயில் அதற்கு அடுத்த படி. நீல மயில் சுத்தப் பட்டு, ஆனால் நவீன முறை நெசவுக்கும் இடம் உண்டு. பச்சை மயில் கலப்பு நூல். பச்சை மயில் துணியைக் காட்டி ‘அரசு முத்திரை இருக்கிறது பாருங்கள்’ என்று சுத்தப் பட்டு விலை கேட்பதுதான் வழக்கமான தந்திரம்.

முத்திரை இல்லாத துணியில் கண்ணையும் விரலையும் நம்புங்கள். கையால் எடுத்த நூலில் ஆங்காங்கே சின்ன முடிச்சும் தடிப்பும் இருக்கும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால் சாய்த்துப் பிடிக்கும்போது நம் மயில்கழுத்துப் புடவை மாதிரி நிறம் மாறும். பாலியெஸ்டர் எந்தக் கோணத்திலும் ஒரே வெள்ளைப் பளபளப்புதான் தரும்.

முத்துக்கு வருவோம். புக்கெட் சுற்றுவட்டக் கடலில் முத்து வளர்ப்பு உண்டு. ஆனால் உலகச் சந்தையில் புழங்கும் நன்னீர் முத்தில் பெரும்பகுதி சீனாவில் விளைவது. அதுவும் அதே கடையில் அதே வெல்வெட் தட்டில் இருக்கும். பொய் முத்து அல்ல, உள்ளூர் முத்தும் அல்ல. ‘கடல்நீரா நன்னீரா, எந்த இடத்தில் வளர்த்தது’ என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கண்ணாடிப் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மெல்ல உரசினால் அசலில் மெல்லிய மணல் நறநறப்பு தெரியும், போலி வழுக்கும். துளை வாயைப் பாருங்கள்: போலியில் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். மாலையில் முத்துக்கும் முத்துக்கும் நடுவே முடிச்சு போட்டிருக்கவேண்டும். அறுந்தால் ஒன்றுதான் உருளும். எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை, ஒரே நிறம், விலையும் சல்லிசு என்றால் அது கடலைப் பார்த்ததே இல்லை.

லங்காவியில் ‘காமாட்’ எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். சங்கு, பவளம் கூடக் கிடைக்குமாமே?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். காமாட் என்பது நம் கடல் அட்டைதான். மலேசியாவில் அது சாதாரணக் கடைச் சரக்கு. இந்தியாவில் எல்லாக் கடல் அட்டை இனங்களும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் கடல் அட்டையோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதே பொருளின் எண்ணெயோடு சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு எதற்கு?

பவளத் துண்டு, ராட்சதச் சிப்பி, ஆமை ஓட்டுச் சீப்பு, தந்தம் எதையும் தொடாதீர்கள். கடைக்காரர் கொடுக்கும் ‘சான்றிதழ்’ பெரும்பாலும் கடையின் லெட்டர்பேடு. வனவிலங்கு வணிகத்துக்கான அனுமதி அரசு அலுவலகம் கொடுப்பது. தாய்லாந்தில் புத்தர் சிலையும் இதே கவனத்தோடு அணுகவேண்டியது: சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அந்த நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி தேவை. கழுத்தில் அணியும் சிறு டாலருக்குத் தொல்லை இல்லை.

லங்காவியில் கைவேலைப் பொருள் வேண்டுமென்றால் அரசுக் கைவினைத் துறையின் ‘கொம்ப்ளெக்ஸ் கிராஃப்’ இருக்கிறது. தீவின் வடக்கு ஓரம் அது. கப்பல் துறையோ தென்மேற்கு மூலை. போகவர வாடகைக் கார் பேசிக்கொண்டு கிளம்புங்கள். சுங்கவரி இல்லாத தீவு என்று மது வாங்குவோர் கவனிக்க: பாட்டிலைக் கப்பல் ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு பயணம் முடியும்போதுதான் தருவார்கள், மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருபவர்களுக்கு மதுவுக்கு வரிச்சலுகையும் கிடையாது.

சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலில் போகிறோம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சொல்கிறார்கள். எங்கே எதை வாங்குவது?
– வாசகி, புதுச்சேரி

2023 ஜூனில் தொடங்கிய பயணம் இது; வழித்தடம் பருவத்துக்குப் பருவம் மாறும், பதிவு செய்யும்போது எந்தத் துறைமுகம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காங்கேசன்துறை இருந்தால் வாங்கும் பணத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 18 கிலோமீட்டர். அங்கே பனைதான் எல்லாம். பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையத்திலும் சந்தையிலும் பனங்கட்டி, ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு), புழுக்கொடியல் (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு), பனாட்டு (வெயிலில் உலர்த்திய பனம்பழக் கூழ்), ஓலைப் பொருட்கள் கிடைக்கும். பனங்கட்டியைக் குட்டான் என்ற சின்ன ஓலைப் பெட்டியோடு வாங்குங்கள். கருப்பநீரை (நாம் பதநீர் என்பது) காய்ச்சி அந்த ஓலைக்குள்ளேயே ஊற்றி உறையவிட்டது அது. நல்ல பனங்கட்டியில் இனிப்போடு ஒரு மெல்லிய கரிப்பு பின்னால் வரும். நிறம் கருமை கலந்த பழுப்பு, ஒவ்வொன்றும் ஒரு சாயல். வெளிறிய நிறத்தில், கல் போலக் கெட்டியாக, வெறும் இனிப்பாக இருந்தால் சீனி கலந்தது என்று எண்ணுங்கள். ஈரக்காற்று பட்டால் கசியும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டே கப்பலுக்குக் கொண்டுபோங்கள்.

நம் ஊர்ச் சமையலறையில் இல்லாத ஒரு பொருள் அங்கே உண்டு: நீத்துப்பெட்டி. புட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப்பெட்டி. வாங்கும்போது சாயம் தோய்த்த அழகுப் பெட்டியைத் தவிர்த்து, வெறும் ஓலை நிறத்தில் உள்ளதை எடுங்கள். ஆவி பட்டால் சாயம் புட்டில் இறங்கும். விளிம்பு ஓலையாலேயே மடித்துப் பின்னியிருக்கவேண்டும், பிளாஸ்டிக் நாரால் கட்டியிருக்கக்கூடாது. கூம்பின் நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரியலாம்; மிளகு நுழையும் ஓட்டை இருந்தால் மாவு கொட்டும். முதல் தடவை தண்ணீரில் ஊறவைத்து, வெறும் பெட்டியை ஒருமுறை ஆவியில் காட்டி, வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மற்ற ஓலைப் பைகளில் சாயத்தைச் சோதிக்க, ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள்.

கறுவா, அதாவது இலங்கைப் பட்டை, எந்தத் துறைமுகத்திலும் வாங்கத் தகுந்தது. நம் மளிகைக் கடையில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் கேசியா வகை. தடித்த ஒற்றைத் தோல் சுருண்டிருக்கும், உடைக்க வலு வேண்டும். இலங்கைக் கறுவா காகிதம் போன்ற பல மெல்லிய தோல்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் சுருட்டியது, விரலால் நொறுங்கும். குழல் மெலிய மெலியத் தரம் உயரும்: ‘ஆல்பா’ என்பது 6 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் வருவது, அதற்குக் கீழே சி5 ஸ்பெஷல், சி5, சி4 என்று போகும். பிரியாணிக்கு சி4 தாராளம். ஆல்பாவை வாங்கி மசாலாவில் அரைப்பது வீண்செலவு. பொடியாக மட்டும் வாங்காதீர்கள், எதைப் பொடித்தார்கள் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

தேயிலையில் வாளேந்திய சிங்க முத்திரையைத் தேடுங்கள். இலங்கைத் தேயிலைச் சபையின் முத்திரை அது: உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று பொருள். முத்திரை இல்லாமல் ‘சிலோன்’ என்று எழுதியிருந்தால் அந்த உறுதி கிடையாது. பாலோடு குடிப்பவர்கள் நுவரெலியாத் தேயிலை வாங்கி ஏமாந்துபோவார்கள், அது பால் விடாமல் குடிக்கும் மென்மையான வகை. பால் தேநீருக்கு ருகுணு, திம்புள்ளைப் பகுதித் தேயிலை பொருந்தும்.

முகமூடிகள் அம்பலாங்கொடைத் தொழில். அம்பாந்தோட்டையில் இறங்கி அவ்வளவு தூரம் ஓடவேண்டாம். கடையில் கிடைப்பதைச் சோதித்து வாங்கலாம். அசல் முகமூடி கதுரு என்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கியது. பின்பக்கம் திருப்புங்கள்: உளி தடம் வரிவரியாகத் தெரியவேண்டும். பின்பக்கமும் வழவழப்பாக, ஓரத்தில் அச்சு இணைப்புக் கோட்டோடு, கையில் கனமாக இருந்தால் வார்ப்பு. புகை பிடித்துக் கருத்த ‘நூறு வருடப் பழைய’ முகமூடி என்று விலை ஏற்றுவார்கள். வெறும் கறுப்பு மெருகாக இருந்தால் ஏமாற்று. நிஜமாகவே பழையதாக இருந்தால் தொல்பொருள் சட்டச் சிக்கல். இரண்டு வகையிலும் விட்டுவிடுவதே நல்லது.

இலங்கையில் நீலக்கல் மலிவாமே?
– வாசகர், சேலம்

மலிவாகக் கிடைத்தால் நீலமாக இருக்கும், நீலக்கல்லாக இருக்காது. சூடேற்றி நிறம் கூட்டிய கல், செயற்கைக் கல், கண்ணாடி மூன்றையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. கொழும்பில் தேசிய ரத்தின, ஆபரண அதிகார சபையின் சோதனைக்கூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். கப்பல் அதுவரை காத்திராது. கல் வாங்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒருமுறை கொழும்பு போங்கள்.

பேரம் எவ்வளவு பேசலாம்? கார்டில் கொடுத்தால் அதிகமாகப் பிடிக்கிறார்களே, ஏன்?
– வாசகர், ஈரோடு

அரசுக் கைவினை நிலையங்கள், இலங்கை அரசின் கைவினைக் கடையான லக்சல, பெரிய நிறுவனக் கடைகள் எல்லாம் நிலை விலை. இரவுச் சந்தையிலும் கடற்கரைக் கடையிலும் பேசலாம்; இரண்டு மூன்று பொருளைச் சேர்த்துக் கேட்பது பாதி விலைக்குக் கேட்பதைவிடப் பலன் தரும். செய்தவரே உட்கார்ந்து விற்கும் இடத்தில், நெசவுக்கும் செதுக்கலுக்கும் போன நாட்களைக் கேட்டுவிட்டு விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். பேரம் பேச வாய் வராது.

கார்டு இயந்திரம் ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா’ என்று கேட்கும். ரூபாயை அழுத்தினால் கடைப்பக்கத்து வங்கி தன் இஷ்டத்துக்கு மாற்று விகிதம் போடும். பெரும்பாலும் நமக்கு நட்டம். ரிங்கிட், பாட் என்று உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்களைக் கேட்காமலே கடைக்காரர் ரூபாயை அழுத்தியிருந்தால், கையெழுத்துப் போடுமுன் ரத்துசெய்து மறுபடி போடச் சொல்லலாம். தாய்லாந்தில் வாட் வரி திரும்பக் கிடைக்கும் என்று விற்பனையாளர் ஆசைகாட்டினால் மயங்காதீர்கள். அது விமான நிலையம் வழியாக நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்கு. கப்பல் பயணிக்கு இல்லை.

மரப்பொருளில் வண்டு வந்துவிட்டது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அலுவலகத்தில் பதினைந்து பேருக்குச் சின்னதாக எதையாவது வாங்கவும் வேண்டும். கொண்டுவருவதில் வேறு என்ன கவனம்?
– வாசகி, தஞ்சாவூர்

வாங்குமுன் மரத்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற வட்ட ஓட்டையும் மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் (மைனஸ் 18 டிகிரி) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே பிரித்தால் ஈரம் படிந்து வண்ணம் உரியும்.

கெரிஸ் என்ற மலாய்க் குறுவாளை அலங்காரத்துக்கு வாங்கினாலும் கப்பல் ஏறும் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். விமானத்தில் திரும்புகிறவர்கள் எண்ணெய், பாகு வகைகளைப் பெட்டிச் சாமானில் போடவேண்டும். கைப்பையில் 100 மில்லி வரைதான். விதை, கன்று, பழம் வேண்டாம், தாவரத் தடுப்புச் சோதனையில் நிற்கும். ரசீதுகளை எல்லாம் ஒரே உறையில் வையுங்கள். சுங்கவரி விலக்கு வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் கிளம்பும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பதினைந்து பேருக்கு: இலங்கை என்றால் ஆளுக்கு 50 கிராம் கறுவாக் குழல் அல்லது ஒரு குட்டான் பனங்கட்டி. பினாங்கு என்றால் பாலிக் புலாவ் பக்கத்து ஜாதிக்காய். பழச்சதையைச் சர்க்கரையில் ஊறவைத்து உலர்த்தியது, சின்னப் பொட்டலங்களில் வரும். பினாங்கின் பெயர்போன ‘தாவ் சார் பியா’ பருப்பு பிஸ்கட்டும் நல்ல உள்ளூர்ப் பண்டம்தான். ஆனால் பழைய முறையில் அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், பூரணத்தில் வெங்காயமும் உண்டு. தாவர எண்ணெயில் செய்யும் கடைகளும் இருக்கின்றன. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, கடையிலும் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள். உருண்டை உடையக்கூடியது, பெட்டியின் மேல் எதையும் அடுக்காதீர்கள்.